உள்ளங்கையில் அளந்த வெயில்

அம்மாவுக்கு 71 வயது. இந்த மார்கழி பிறக்கும் வரைக்கும் அவவின் முகம் விழுந்த படங்கள் எங்கள் வீட்டில் ஐந்துதான் இருந்தன. அடையாள அட்டையில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, என் கலியாண அல்பத்தில் மூன்று. அவவின் சொந்தக் கலியாண அல்பம் யாழ்ப்பாணத்தில், கொக்குவில் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில், சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவில் அரிசி தூக்கினோம், உடுப்புத் தூக்கினோம், சான்றிதழ்களைத் தூக்கினோம். அல்பத்தைத் தூக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தபோது அலுமாரியே இல்லை.

என் அல்பத்தில் இருக்கிற மூன்று படத்திலும் அம்மாவின் முகம் சந்தன நிறம். அம்மா சந்தன நிறம் இல்லை. நல்ல கறுப்பு. பனங்கட்டியை உடைத்தால் உள்ளே ஒரு செம்மை தெரியுமே, அந்தச் செம்மை கலந்த கறுப்பு. படம் எடுத்தவர்கள் எல்லாருடைய முகத்தையும் கொம்பியூட்டரில் வெளுக்க வைத்துத்தான் அல்பம் அடித்துத் தந்தார்கள். அம்மா பார்த்துவிட்டு, “நல்லாத்தான் வந்திருக்கு” என்று சொல்லி மூடி வைத்தா. பிறகு ஒருநாளும் அதைத் திறந்து அவ பார்த்ததை நான் காணவில்லை. யாராவது கமராவை நீட்டினால், “என்னை விடு பிள்ளை, நான் கறுப்பா விழுவன்” என்று குசினிக்குள் போய்விடுவா.

நான் இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் சாறிச் சட்டை தைக்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. கமரா வாங்கினதும் தொழிலுக்காகத்தான். தைத்து முடித்த சட்டையைப் போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவேன். வாங்க வருகிற அக்காமார், “படத்தில வேற நிறமா இருந்திச்சே” என்பார்கள். குங்குமச் சிவப்பு செம்மஞ்சளாகத் தெரியும். மயில் நீலம் பச்சையாகத் தெரியும். துணிக்காரருக்கு இது ஒரு மானப் பிரச்சினை. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் பாவித்த கெனன் 200டீ ஒன்றும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் எடுத்தேன். கமரா மாறினால் நிறம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. செம்மஞ்சள் இன்னும் துல்லியமான செம்மஞ்சளாக விழுந்தது.

சனிக்கிழமை காலையில் விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் போகத் தொடங்கியது அப்படித்தான். 100ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் இறங்கி, தர்மபால மாவத்தையால் நேரே நடந்தால் பூங்கா வந்துவிடும். கொழும்பில் காசு கொடுக்காமல், யாரும் துரத்தாமல், மரமும் வெயிலும் மனிதரும் சேர்ந்து கிடைக்கிற இடம் அது. பெரிய பெரிய ஆல், அத்தி மரங்கள். வௌவால்கள் தலைகீழாகத் தொங்குகிற கொப்புகள். எதிரே நகர மண்டபத்தின் வெள்ளைக் கட்டடம், அதைப் பார்த்தபடி பொன்னிறப் புத்தர்.

முதல் சனிக்கிழமை நான் போய்ச் சேரப் பதினொன்றரை. வெயில் கொளுத்தியது. வெளிச்சம் கூடினால் படம் நன்றாக வரும் என்று நான் நம்பிய நாள் அதுதான். பலூன் விற்கிறவரிடம் கேட்டு எடுத்தேன், புல்லில் உருண்ட குழந்தைகளை அவர்களின் தாயிடம் கேட்டு எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால், எல்லாருக்கும் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கருங்குழி. மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசையாகக் கிடந்தது. கன்னமும் நெற்றியும் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்துப்போய், அந்த இடத்தில் தோலே இல்லை. ஒரே முகத்தில் பாதி எரிந்து, பாதி கரிந்து கிடந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. அம்மாவை எடுத்தாலும் இப்படித்தான் விழும் என்ற நினைப்பு அன்றுதான் முதல் முதல் வந்தது. சட்டைக்காக வாங்கின கமரா அந்த இரவோடு அம்மாவுக்கான கமராவாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை நானாவைச் சந்தித்தேன். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றே எழுதுகிறேன். பிலிம் காலத்தில், பிலிம் கழுவிப் படம் அடிக்கிற கலர் லெப்பில் வேலை பார்த்தவர், பிறகு சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தவர். இப்போது கண்ணில் சத்திரசிகிச்சை செய்து, காலையில் பூங்காவில் நடக்கிறார். நான் ஒரு பூவரச நிழலில் நின்று கமராவின் பொத்தான்களைத் திருகிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

“தங்கச்சி, கமராவக் கொஞ்சம் கீழ வைங்க. ஒங்கட நிழல் எங்க ஈக்கிது? அதப் பாருங்க முதல்ல.”

என் நிழல் புல்லின் மேல் நீளமாகக் கிடந்தது. எட்டரை மணி இருக்கும்.

“இது ஒங்கள விட நீளம் தானே? அப்ப வேல செய்யலாம். ஒங்கட உயரத்த விடக் கட்டையாப் போனா, வெயில்ல ஆளை நிப்பாட்டாதீங்க. நிழலுக்குப் போங்க.”

இந்த ஒரு விதியை நான் தையல்காரி மாதிரியே சோதித்தேன். பொங்கலுக்குக் கிட்டிய ஒரு சனிக்கிழமை, பையில் எப்போதும் கிடக்கிற அளவு நாடாவை எடுத்துப்போய், மகனை நாடாவின் மற்ற முனையைப் பிடிக்கச் சொல்லி, பகல் முழுக்க என் நிழலை அளந்தேன். என் உயரம் 62 அங்குலம். எட்டு மணிக்கு நிழல் ஏறக்குறைய 14 அடி. பத்து மணிக்கு நாடாவின் 60 அங்குலம் முடிய இன்னும் ஒரு விரல். பன்னிரண்டு இருபதுக்கு, அதுதான் தை மாதத்தில் கொழும்புக்கு உண்மையான உச்சிப்பொழுது, 33 அங்குலம். அதற்குக் கீழே இறங்கவேயில்லை.

அந்த 33 அங்குலம்தான் எங்களுக்குக் கிடைக்கிற பனிக்காலம். இங்கே பனியும் விழாது, மரமும் இலை உதிர்த்து நிற்காது. காலையில் 22 பாகை, மத்தியானம் 31 பாகை, அவ்வளவுதான் குளிர். ஆனால் வெயில் சாய்கிறது. கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21, 22 வாக்கில் சூரியன் தெற்கே 23.4 பாகையில் உச்சி கொடுக்கிறது. இரண்டையும் கூட்டினால் 30 பாகை. நடு மத்தியானத்திலும் சூரியன் தலைக்கு மேலே வராமல் அவ்வளவு தெற்கே ஒதுங்கி நிற்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை முன்னால் வந்து பாருங்கள், அதே நேரத்தில் நிழல் காலடிக்குள் போய்விடும், முகத்துக்கு மேலே உலக்கை மாதிரி வெயில் இறங்கும். மார்கழியிலும் தையிலும் வடகிழக்கிலிருந்து வருகிற காற்று மேற்குக் கரையில் மழையைக் குறைத்து வானத்தைத் திறந்துவிடுகிறது. வெயில் கடுமையாகவும் சாய்வாகவும் சேர்ந்து கிடைப்பது இந்த இரண்டு மாதத்தில்தான். சில காலையில் தூசும் புகையும் மூட்டமாக நிற்கும். நகர மண்டபத்தின் குவிமாடம் அன்றைக்குச் சாம்பலாகத் தெரியும். ஆனால் முகம் எடுக்க அந்த மூட்டம் நல்லது, வெயிலுக்கு யாரோ திரை கட்டிவிட்ட மாதிரி.

நானா எனக்குச் சொல்லித்தந்த இரண்டாவது விஷயம் பிலிம் பெட்டிக்குள் வந்த துண்டுச் சீட்டு. 100 பிலிம் என்றால் (100 என்பது பிலிம் வெளிச்சத்தைப் பிடிக்கிற வேகம்), நல்ல வெயிலுக்கு ஷட்டர் 125, அபேச்சர் 16. ஷட்டர் 125 என்றால் கமராவின் கதவு ஒரு செக்கனில் 125இல் ஒரு பங்குக்குத் திறக்கும். அபேச்சர் லென்ஸின் துவாரம், இலக்கம் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும். வெளிச்சம் அளக்கிற மீற்றரே இல்லாமல் கலியாணம் கலியாணமாக எடுத்தோம் என்றார். நல்ல நிழலுக்கு அபேச்சரை 5.6க்குத் திறக்க வேண்டும். 16, 11, 8, 5.6. மூன்று படி. ஒவ்வொரு படியும் இரண்டு மடங்கு. ஆகவே மரத்தடியில் நிற்கிறவருக்கும் இரண்டடி தள்ளி வெயிலில் நிற்கிறவருக்கும் இடையில் வெளிச்சம் எட்டு மடங்கு வித்தியாசம். கண் அதைச் சரிக்கட்டிவிடுகிறது, கமரா சரிக்கட்டாது. என் முதல் சனிக்கிழமைப் படங்களில் கண் கருங்குழியாகப் போன கணக்கு இதுதான். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பாரம் இறங்கியது. கமராவிலும் பிழை இல்லை, அந்த முகங்களிலும் பிழை இல்லை.

அதற்குப் பிறகுதான் நிறத்தைப் பற்றிக் கேட்டேன். சட்டையின் கதையைச் சொன்னேன். நானா சிரித்தார். “ஒங்களுக்குத் தெரிஞ்ச வேலதானே? சாறிக் கடையில என்ன செய்வீங்க?”

வாசலுக்குக் கொண்டுபோவோம். காலி வீதியில் எந்தக் கடையிலும் இதுதான் வழக்கம். உள்ளே குழல் விளக்கில் நிறம் பிடிபடாவிட்டால், முதலாளியே, “வாசல்ல கொண்டுபோய்ப் பாருங்கோ” என்பார். வெயில் படாத, ஆனால் வானம் தெரிகிற வாசற்படி. படம் எடுக்கிறவர்கள் தேடித் திரிகிற நிழல் வெளிச்சம் அதுவேதான் என்று எனக்கு உறைக்கவில்லை, முப்பது வருஷமாக அந்த வாசலில் நின்றும்.

பிறகு வீட்டுக்கு வந்து என் வாசலைப் பார்த்தேன். எதிர்வீட்டு மதில் நல்ல மஞ்சள். காலை வெயில் அந்த மதிலில் அடித்துத் திரும்பித்தான் என் வாசலுக்குள் வருகிறது. என் குங்குமச் சிவப்பைச் செம்மஞ்சளாக்கியது அந்த மதில். வெளிச்சம் எதில் பட்டு வருகிறதோ அதன் நிறத்தையும் தூக்கிக்கொண்டுதான் வரும். பூங்காவிலும் அதே. புல்லின் மேல் வெயில் அடிக்க, மர நிழலில் நிற்கிறவரின் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். திறந்த வானத்தின் நிழலில் வெள்ளைத் துணி நீலம் போட்டு அலசினது மாதிரித் தெரியும். கமராவில் வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிற அமைப்பை, நிழலுக்கு மாற்றி வைத்தால் நீலம் போகும், பச்சை போகாது. பச்சைக்கு மருந்து புல்லை மறைப்பது. நான் சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற வெள்ளை லைனிங் துணியில் மூன்று யார் வெட்டிக்கொண்டு போய், ஆளுக்கு முன்னால் புல்லில் விரித்தேன். பச்சை நின்றது. கண்ணுக்குள்ளும் ஒரு வெளிச்சப் புள்ளி வந்தது. நானா ஒரு ரெஜிபோம் பலகையைக் கொண்டுவந்து தந்தார், டிவி பெட்டிக்குள் வருகிற வெள்ளை நுரைப் பலகை. அது இன்னும் பலமாக வெளிச்சத்தைத் திருப்பும், ஆனால் காற்றுக்குப் பறக்கும். எனக்குத் துணிதான் சரி. மடித்துப் பைக்குள் வைக்கலாம்.

துருத்து போயாவன்று, ஜனவரிப் பௌர்ணமியில் வருகிற பௌத்தத் திருநாள் அது, பூங்கா முழுக்க வெள்ளை. பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்கு, போய்த் திரும்பும் குடும்பங்கள், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாறி, கையில் மிச்சமிருந்த பூ. அன்றைக்கு நான் வெள்ளை மட்டுமே எடுப்பது என்று முடிவு செய்தேன். நகர மண்டபத்தின் சுவரில் தொடங்கினேன். 1928இல் கட்டி முடித்த கட்டடம், முன்னால் பெரிய தூண்கள். வெயிலில் கண்ணைப் பறிக்கிற அந்தச் சுவர் கமராவில் நாலு நாள் உடுத்த வேட்டி நிறத்தில் விழுந்தது. கமராவின் மீற்றருக்கு ஒரே ஒரு எண்ணம்தான் உண்டு: தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல், விழுகிற வெளிச்சத்தில் 18 வீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல். வெள்ளையைக் காட்டினால் அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைக்கும். கறுப்பைக் காட்டினால் அதையும் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டும். சுவருக்கு ஒரு படி கூட்டினேன், சுவர் சுவராக வந்தது.

கறுப்பைச் சாம்பலாக்கும் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அம்மாவின் முகத்துக்குக் கிட்டே கமராவைக் கொண்டுபோனால் அது வெளுக்க வைக்கும். அம்மாவைத் தூரத்தில், வெயில் புல்லுக்கு முன்னால் நிறுத்தினால் கரியாக்கும். இரண்டு பிழையும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. அந்த அல்பத்துக்காரர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் செய்தார்கள், கமரா தானாகவே கொஞ்சம் செய்தது.

இதை நானாவிடம் சொன்னபோது அவர் உடனே பேசவில்லை. நாங்கள் தொங்கு பாலத்துக்குப் பக்கத்து வாங்கில் இருந்தோம். பிளாஸ்கில் பிளேன்ரீ கொண்டுவந்திருந்தேன். பிறகு லெப் காலத்துக் கதை ஒன்று சொன்னார். காலையில் மெஷினைத் திறந்ததும், கொடாக் கொம்பனியிலிருந்து வந்த ஒரு படத்தை வைத்து நிறம் சரி பார்ப்பார்களாம். அந்தப் படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அந்தப் படத்துக்கு நின்றவர் அந்தக் கொம்பனியிலேயே வேலை செய்த ஷேர்லி என்பவர். பெண்கள் மாறினாலும் அட்டையின் பெயர் ஷேர்லி என்றே நின்றுவிட்டது. உலகத்தில் பல லெப்புகளில் அந்த அட்டைதான். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. 1990களில்தான் பல நிறத்து மனிதர்களை வைத்து அட்டை வந்தது.

“அவட முகத்துக்குச் சரி பண்ணின மெஷின்லதான் நாங்க கொட்டாஞ்சேனைப் புள்ளைகள்ட பேர்த்டே படம் அடிச்சோம், தங்கச்சி. புள்ளைகள்ட மூக்கு எங்க, வாய் எங்கன்னு தெரியாது. தாய்மார் வந்து, புள்ள கறுப்பா விழுந்திட்டான்னு சொல்லுவாங்க. நாங்களும், ஓ புள்ள கறுப்புத்தானேன்னு சொல்லி அனுப்புவோம்.”

அவர் அதைச் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. நான் கறுப்பா விழுவன். எழுபது வருஷமாக அவ தன் முகத்தின் மேல் போட்டுக்கொண்ட பழி, எங்கோ ஒரு மெஷினின் பழி.

நானா இன்னொன்றும் சொன்னார், லயனல் வென்ட் எடுத்த படங்களைப் போய்ப் பாருங்கள் என்று. நாடகம் பார்க்க அந்தப் பெயருள்ள மண்டபத்துக்குப் போயிருக்கிறேன், பூங்காவிலிருந்து மியூசியத்தைத் தாண்டி நடக்கிற தூரம்தான். ஆனால் அந்த மனிதர் படம் எடுத்தவர் என்று கவனித்ததில்லை. 1900இல் பிறந்து 1944இல் போய்விட்டார், பியானோ வாசித்தவர், படம் கழுவுவதில் பெரிய வித்தைக்காரர். பூங்காவை ஒட்டியிருக்கிற பொது நூலகத்தில் அவருடைய படங்களைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படங்கள். எங்கள் ஊர் மனிதர்கள், எங்கள் வெயில். ஒருவரின் தோலும் வெளுக்கவில்லை. கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. அதன் மேல் வெளிச்சம் நல்லெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, தோளில், நெற்றியில், கன்ன எலும்பில்.

அந்த மேசையில் இருந்தபடியே எனக்கு என் தொழில் விளங்கியது. வெள்ளைப் பருத்தியில் மடிப்பைக் காட்டுவது நிழல். கறுப்புப் பட்டில் மடிப்பைக் காட்டுவது மினுக்கம். கறுப்புப் பட்டை எவ்வளவு வெளிச்சத்தில் குளிப்பாட்டினாலும் மடிப்புத் தெரியாது, அதைச் சரித்துப் பிடித்து, ஓரத்தால் வெளிச்சம் ஓடவிட்டால்தான் கொசுவம் கொசுவமாகத் தெரியும். முகமும் அப்படித்தான். கறுத்த முகத்துக்கு வெளிச்சம் கூட வேண்டும் என்று எல்லாரும் சொல்வது பிழை. அதற்கு வேண்டியது ஓரத்தால் வருகிற, அகலமான, மெதுவான ஒரு வெளிச்சம். மினுக்கத்தைக் கொல்லுகிற பவுடர் கூடாது. கலியாண வீட்டில் அம்மாவுக்குப் பவுடர் அப்பினது நான்தான்.

மிச்சமிருந்தது அளவு. மீற்றரை நம்ப முடியாது, அம்மாவின் முகத்தைக் காட்டினால் வெளுப்பாக்கும். நானாவிடம் கேட்டேன். அவர் தன் கையை விரித்து நீட்டினார். “ஒங்கட கையையும் நீட்டுங்க.” இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் பொதுநிறம், நான் கறுப்பு. உள்ளங்கை இரண்டும் ஏறக்குறைய ஒன்று. “முகம் நூறு நிறம். உள்ளங்கை எல்லாருக்கும் கிட்டக் கிட்ட ஒண்டுதான். ஆள் நிக்கிற வெளிச்சத்தில அவங்கட கைய விரிக்கச் சொல்லி, அதுக்கு மட்டும் மீற்றர் பாருங்க. அதுல இருந்து ஒரு படி கூட்டுங்க. பொறகு கமரா என்ன சொன்னாலும் கேக்காதீங்க.” உள்ளங்கை அந்த நடுச் சாம்பலை விட ஒரு படி வெளிச்சமானது, அதனால்தான் அந்த ஒரு படி. வந்து போகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு அன்று பதினொரு உள்ளங்கை அளந்தேன். கடலை விற்கிற ஐயா, காதுக்குள் பாட்டு வைத்து ஓடிய பெடியன், இரண்டு சிங்கள அக்காமார், சுற்றுலா வந்த ஒரு வெள்ளைக்காரர். ஏறக்குறைய ஒரே அளவுக்குள் எல்லாரும் நின்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒன்று சொல்ல வேண்டும். மர வேரில் குடை பிடித்துக்கொண்டு இருக்கிற சோடிகளை நான் எடுப்பதில்லை. அந்தக் குடையைத் தவிர இந்த ஊரில் அவர்களுக்கு வேறு அறை இல்லை. யாரையும் கேட்காமல் எடுப்பதும் இல்லை. பொது இடத்தில் கமராவைத் தூக்கினால் கேள்வி வரும் என்று பயந்து பயந்து இந்த ஊரில் வளர்ந்த எனக்கு, இன்னொருவர் என் கமராவைப் பார்த்து உடம்பைச் சுருக்குவதைத் தாங்க முடியாது.

கமரா வைத்திருக்கிற வெள்ளவத்தைக்காரருக்கு ஒரு குறிப்பு: கடற்காற்றும் ஈரப்பதனும் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். பாவித்தது வாங்கினால் போன் டோர்ச்சைப் பின்னால் அடித்து உள்ளே நூல் நூலாக ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். வீட்டில் மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

தை மூன்றாம் கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னதால் வந்தா. கமராவைப் பற்றி நான் மறைக்கவில்லை.

“பார்க்கில உங்களை ஒரு படம் எடுக்கப்போறன் அம்மா.”

“என்னத்துக்கு? செத்தா வைக்கவோ?”

“இல்லை. எனக்கு வேணும்.”

அவ ஒன்றும் சொல்லவில்லை. மாம்பழ மஞ்சள் பருத்திச் சாறியை எடுத்தா, நான் தைத்த மெரூன் சட்டை. அந்த மஞ்சள் நல்லதுக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது, மடியிலிருந்து முகத்துக்கு இளஞ்சூட்டு வெளிச்சம் ஏறும். பவுடர் டப்பாவை எடுத்தபோது, “இண்டைக்கு வேண்டாம் அம்மா” என்றேன். என்னைப் பார்த்தா. பிறகு தலைக்குப் பூசின தேங்காயெண்ணெய்க் கையை, பழக்கமாகச் செய்கிறதுபோல், முகத்திலும் ஒருக்கால் தடவிக்கொண்டா. அதைவிட ஒரு மேக்கப்காரியும் நல்லதாக எதுவும் செய்திருக்க மாட்டாள்.

எட்டே முக்காலுக்கு ஒரு பெரிய அத்தியின் நிழல் முடிகிற இடத்தில் வாங்கு ஒன்று கிடைத்தது. நிழலின் நடுவில் இருத்தினால் முகம் தட்டையாகும், வெயிலில் இருத்தினால் எரியும். வேண்டியது கரை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மரம், இடப்பக்கம் வானம் திறந்திருந்தது, முன்னால் நாலடி தள்ளி மணல் பாதையில் வெயில் விழுந்து மேலே திரும்பிக்கொண்டிருந்தது. லைனிங் துணியைப் புல்லில் விரித்தேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் காலை வைத்தா.

“கையை விரிச்சுக் காட்டுங்கோ அம்மா.”

“சாத்திரமே பாக்கப்போறாய்?”

விரித்தா. சுண்டு விரலுக்குக் கீழே காலையில் மீன் பிரட்டின மஞ்சள் கறை. ஆட்காட்டி விரலின் நுனியில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குச் சட்டை தைக்கையில் ஊசி ஏறி இறுகின தழும்பு. படத்தின் நடு வட்டத்தை மட்டும் அளக்கும்படி மீற்றரை மாற்றி அந்தக் கைக்குப் பார்த்தேன். ஐஎஸ்ஓ 100 (பிலிமுக்குச் சொன்ன அதே 100), அபேச்சர் 4, ஷட்டர் 500 என்றது. ஒரு படி கூட்டி 250. கையையும் ஒரு படம் எடுத்துவைத்தேன். பிறகு முகத்துக்குத் தூக்கினேன். கமராவின் ஊசி பிழை பிழை என்று இடப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை.

அம்மா முதலில் பாஸ்போர்ட்டுக்கு இருக்கிற மாதிரி இருந்தா. நான் கமராவைத் தாழ்த்திவிட்டுக் கொக்குவில் வீட்டுக் கிணற்றடியில் நின்ற எலுமிச்சையைப் பற்றிக் கேட்டேன். அது காய்த்ததா, காய்க்காமலே போனதா என்று எங்களுக்குள் ஒரு பழைய வழக்கு. “காய்க்காம என்ன? நீதான் பூவை எல்லாம் பிடுங்கினனீ” என்று திரும்பினா. அந்தத் திரும்புதலில் நாலு படம். மூன்றில் கண் மூடிவிட்டது. ஒன்றில் இல்லை.

அந்த ஒன்றில் அம்மா கறுப்பு. உடைத்த பனங்கட்டி. இடப்பக்கக் கன்ன எலும்பில் எண்ணெய் மினுக்கம் ஒரு கோடாக ஓடி, தாடையில் வந்து முடிகிறது. கழுத்துக் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. கண்ணுக்குள் லைனிங் துணி இரண்டு சின்ன வெள்ளைச் சதுரமாக இருக்கிறது. சாறியின் மஞ்சள் மஞ்சளாக, சட்டையின் மெரூன் மெரூனாக.

கமராவின் திரையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தா. “கைப் பட்டித் தையல் வடிவா விழுந்திருக்கு” என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போகையில் ஆட்டோவுக்குள் மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தா.

படம் அடிக்கக் கொடுத்த இடத்தில் தம்பி நல்ல மரியாதையாகத்தான் கேட்டார்: “அக்கா, அம்மாட முகத்தக் கொஞ்சம் வெளுப்பாக்கட்டா? காசு கூட இல்ல.” தொட வேண்டாம் தம்பி, அப்படியே அடியுங்கோ என்றேன். மினுங்காத தாளில், 12க்கு 18. சரியோ என்று மூன்று தரம் கேட்டுவிட்டு அடித்துத் தந்தார்.

எங்கே மாட்டுவது என்று வீட்டில் ஒரு கதை வந்தது. மகன் சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கப் போனான். அம்மா தடுத்தா. “அது செத்த ஆக்களுக்கு. ஹோலில போடு. வாசலுக்கு நேர போடு, வாறவை காணட்டும்.” இப்போது அது வாசலுக்கு நேரே இருக்கிறது. அளவு கொடுக்க வருகிற அக்காமார் செருப்பைக் கழற்றும்போதே அதைத்தான் பார்க்கிறார்கள். எதிர்வீட்டு மதிலின் மஞ்சள் காலையில் அதன் மேலும் கொஞ்சம் விழுகிறது. ஒரு வெள்ளைத் திரை தைத்துப் போட வேண்டும்.

போன சனிக்கிழமை ஏழு மணிக்கு நான் எழும்பி வந்தால், அம்மா பச்சைக் கரைச் சாறி உடுத்து, எண்ணெய் பூசி, கதிரையில் இருக்கிறா. லைனிங் துணி மடித்து மடியில்.

“கெதியா வெளிக்கிடு பிள்ளை, நிழல் கட்டையாகப் போகுது.”